பிட்சிங் போடும் பையனுக்குத் தோள் அசதி: இந்த நீல டேப் ஒட்டினால் குறையுமா?

எடிசன்வாசி

வணக்கம். இங்கே பேஸ்பால் பெற்றோர் சிலர் இருப்பதைப் பழைய இழைகளில் பார்த்தேன், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். மகனுக்கு 13 வயது, வலது கை பிட்சர், அதாவது பந்து எறிபவன். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், அவன் புண்ணியத்தில்தான் நான்கு வருடமாக இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறேன், தப்பாக ஏதாவது சொன்னால் திருத்துங்கள்.

இந்த சீசனில் ஒரு மாற்றம். முதல் இரண்டு இன்னிங்ஸ், அதாவது சுற்று, நன்றாகப் போடுகிறான். மூன்றாவதில், அதாவது 45, 50 பந்து தாண்டியதும், ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் கையை உதறுகிறான், தோளைச் சுழற்றுகிறான், பந்து கேட்சர் (பிட்சரின் பந்தைப் பிடிப்பவர்) தலைக்கு மேலே போகிறது. கேட்டால் "வலியெல்லாம் இல்லப்பா, அசதியா இருக்கு" என்கிறான். அவன் அணியில் மூன்று பையன்கள் தோளில் நீல டேப் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள், இவனுக்கும் வேண்டுமாம். ஒரு ரோல் வாங்கியாகிவிட்டது. வீடியோ பார்த்தால் ஒருவர் முன்னாலிருந்து பின்னால் ஒட்டு என்கிறார், இன்னொருவர் பின்னாலிருந்து முன்னால் என்கிறார், மூன்றாமவர் முதுகில் கோலம் போடுவது போல ஏதோ செய்கிறார்.

கேள்வி இரண்டு. இது உண்மையிலேயே அசதியைக் குறைக்குமா? குறைக்கும் என்றால் எப்படி ஒட்டுவது?

சனிக்கிழமை அம்மா

எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஒட்டுகிறோம், பெரியவனுக்கு 15 வயது. ஒட்டியதும் கை லேசாக இருக்கிறது என்பான், எனக்கு அது போதும். நான் ஆராய்ச்சியெல்லாம் படிக்கவில்லை.

அனுபவத்தில் சொல்வது: மேட்சுக்குக் கிளம்பும் அவசரத்தில் காரில் வைத்து ஒட்டாதீர்கள், வியர்வை வந்ததும் உரிந்துவிடும். ஒரு மணி நேரம் முன்னாடியே, குளித்துத் துடைத்து, எந்த லோஷனும் இல்லாத தோலில் ஒட்ட வேண்டும். ஓரங்களைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிடுங்கள், கூர்மூலை இருந்தால் பனியனில் சிக்கிக் கிளம்பிவிடும். கழற்றும்போது தேங்காய் எண்ணெய் தடவி பத்து நிமிடம் விடுங்கள். நான் முதல் தடவை வெடுக்கென்று பிடுங்கி, பிள்ளை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தோள்கொடுப்பவள்

பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், தொழிலே அதுதான். டெக்ஸாஸில் பிசியோதெரபிஸ்ட், வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் பந்து எறிகிறவர்கள்.

எடிசன்வாசி சார், எப்படி ஒட்டுவது என்று சொல்வதற்கு முன்னால் எனக்குச் சில விவரம் வேண்டும். வாரத்தில் மொத்தம் எத்தனை பந்து போடுகிறான்? ஒரு அணியின் கணக்கைச் சொல்லாதீர்கள், எல்லா அணியும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தெந்தக் கிழமை? பிட்ச் போடாத நேரத்தில் எந்த இடத்தில் நிற்கிறான்? இந்த வருடம்தான் பெரிய மைதானத்துக்கு மாறினானா? அசதி என்று சொல்லும்போது கையை எங்கே வைத்துக் காட்டுகிறான், தோளுக்குப் பின்பக்கமா, மேல்கையின் உச்சியில் வெளிப்பக்கமா?

கடைசிக் கேள்வி முக்கியம். 11 முதல் 16 வயது வரை மேல்கை எலும்பின் உச்சியில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. திரும்பத் திரும்ப எறிந்தால் அந்த இடம் புண்பட்டு விரிந்துகொள்ளும். இங்கே அதை, சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் பெயரில், "லிட்டில் லீக் ஷோல்டர்" என்பார்கள். பல பிள்ளைகள் அதை வலி என்று சொல்ல மாட்டார்கள், அசதி, கனமாக இருக்கிறது, வேகம் வரவில்லை, இப்படித்தான் சொல்வார்கள்.

எடிசன்வாசி

மேடம், நீங்கள் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. போன வாரம் செவ்வாய் ஊர் லீக்கில் 48. சனி டிராவல் அணிக்கு, அதாவது வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் அணிக்கு, 52. மறுநாள் ஞாயிறு அதே போட்டித் தொடரில் 38. மொத்தம் 138. இரண்டு கோச்சும் நல்லவர்கள், இரண்டு பேரும் எண்ணுகிறார்கள், ஆனால் ஒருவர் எண்ணுவது மற்றவருக்குத் தெரியாது. பிட்ச் போடாதபோது சில நாள் கேட்சர்.

மைதானம் இந்த வருடம்தான் மாறியது. கை வைத்துக் காட்டச் சொன்னேன், தோளுக்குப் பின்னால் காட்டினான், அப்புறம் யோசித்துவிட்டு மேலேயும் காட்டினான்.

வலதுகைக்காரன்

எனக்கு 24 வயது, ஹைஸ்கூல் நான்கு வருடமும் பிட்ச் போட்டவன், அப்புறம் காலேஜில் கிளப் அணி. பிறந்தது இங்கே, தமிழ் அம்மா போட்ட பிச்சை, எழுத்துப்பிழை இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்.

டேப் வேலை செய்யும். நான் சொல்வது அனுபவம். பின்பக்கம் தோள்பட்டை எலும்பை ஒட்டிக் கீழ்நோக்கி ஒரு பட்டை போட்டால், தோள் முன்னால் கூன் விழும்போதெல்லாம் அது இழுக்கும், "டேய் நிமிர்ந்து நில்" என்று யாரோ தட்டிச் சொல்கிற மாதிரி. ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில் அந்த ஞாபகப்படுத்தல் பெரிய விஷயம். ஆராய்ச்சியில் நிரூபணம் இல்லை என்று அடுத்து ஒருவர் வந்து சொல்வார் பாருங்கள். உலகம் முழுக்க இத்தனை விளையாட்டு வீரர்கள் ஒட்டுகிறார்கள், எல்லோரும் முட்டாளா?

தோள்கொடுப்பவள்

அந்த ஒருவர் நானேதான் தம்பி. வரிசையாகச் சொல்கிறேன், நீளமாக வரும், டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

பிட்ச் போடும்போது தோளில் என்ன நடக்கிறது என்பது முதலில். நன்கு தேர்ந்த பிட்சர் பந்தை விடும் தருவாயில் மேல்கை எலும்பு உள்பக்கமாகச் சுழலும் வேகம் வினாடிக்குச் சுமார் 7000 டிகிரி. அதே வேகத்தில் ஒரு முழு வினாடி சுற்ற முடிந்தால் கை 19 தடவை சுற்றியிருக்கும். மனித உடம்பு செய்யும் அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று. பந்து போய்விட்டது, சரி, கையை யார் நிறுத்துவது? தோளின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன ரொட்டேட்டர் கஃப் தசைகளும், தோள்பட்டை எலும்பை முதுகோடு பிடித்து வைத்திருக்கும் தசைகளும்தான். அந்த நொடியில் கையைக் குழியிலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசை, பெரியவர்களில் கிட்டத்தட்ட அவர்களின் உடல் எடை அளவுக்கு வரும். எறிவதில் வருவதை விட நிறுத்துவதில் வருகிற அசதிதான் பிட்சரின் தோள் அசதியில் பெரும்பங்கு. பையன் பின்பக்கம் கை வைத்துக் காட்டியதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது டேப். அது பருத்தித் துணி, ஒருபக்கம் அக்ரிலிக் பசை, இழுத்தால் தன் நீளத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக நீளும். உடல் எடைக்குச் சமமான விசையை அது தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை, விற்கிறவர்கள் கூடச் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது, தோலைச் சற்றுத் தூக்கி ரத்த ஓட்டத்துக்கு வழிவிடும், தசைக்குத் தகவல் கொடுக்கும் என்று.

ஆராய்ச்சியில் என்ன இருக்கிறது? தைவானில் 2009ல் வந்தது ஒன்று, நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது, தோளில் இம்பிஞ்ச்மென்ட் (எலும்புக்கடியில் தசைநாண் நசுங்குவது) பிரச்சினை உள்ள 17 பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்தார்கள். இழுபடும் டேப் ஒட்டியபோது தோள்பட்டை எலும்பின் சாய்வு கொஞ்சம் மாறியது, கையை இறக்கும்போது முதுகின் கீழ் டிரபீசியஸ் தசை கூடுதலாக வேலை செய்தது. வலதுகைக்காரன் தம்பி சொல்லும் "நிமிர்ந்து நில்" இதோடு ஒத்துப்போகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கையை உயர்த்தி இறக்கினார்கள், பந்து எறியவில்லை, அசதியையும் அளக்கவில்லை, எல்லோருமே ஏற்கெனவே தோளில் தொந்தரவு உள்ளவர்கள்.

இன்னொன்று 2008ல், அமெரிக்காவில், தோள் வலி உள்ள 42 மாணவர்கள். பாதிப் பேருக்கு முறைப்படி டேப், மீதிப் பேருக்கு இழுக்காமல் சும்மா ஒட்டிய பொய் டேப். முறைப்படி ஒட்டியவர்களால் உடனடியாகக் கையை வலியில்லாமல் இன்னும் 17 டிகிரி அளவுக்குப் பக்கவாட்டில் தூக்க முடிந்தது. அடுத்த சில நாள்களில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. 2012ல் இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தவர்கள், விளையாட்டுக் காயத்தைத் தடுக்கவோ குணப்படுத்தவோ மற்ற இழுபடும் டேப்புகளை விட இது மேல் என்று சொல்லத் தரமான ஆதாரம் குறைவு என்றுதான் முடித்தார்கள்.

ஆக, கொஞ்ச நேரத்துக்கு நன்றாக உணர வைக்கும், சிலருக்கு. தசை களைக்காமல் இருக்க வைக்கும் என்பதற்கு எதுவும் நான் பார்க்கவில்லை. எனக்குப் பயமே அங்கேதான். களைப்பு அப்படியே இருக்கிறது, களைப்பைச் சொல்லும் குரல் மட்டும் அடங்குகிறது என்றால், பால் பொங்கும்போது அடுப்பை அணைக்காமல் மூடியை வைத்து அழுத்துகிற கதைதான்.

மட்டுறுத்துநர்

டேப் விற்கும் கடைக்குச் சுட்டி கொடுத்த பதிவு நீக்கப்பட்டது. அடுத்த முறை ஆளையும் நீக்குவேன்.

ஃப்ரிஸ்கோ தாத்தா

பேரன் மேட்சுக்கு மடக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு போகிற கோஷ்டி நான். மேடம் எழுதியதைப் படித்தேன், பாதி புரிந்தது, மீதியை மருமகளிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தோளில் தேய்த்து வெந்நீர் ஊற்றினால் ஆகாதா? எங்கள் காலத்தில் எல்லா அசதிக்கும் அதுதான்.

விதிமுறை ஒன்று சொல்கிறேன், வேலையில்லாதவன், புத்தகத்தை முழுதாகப் படித்திருக்கிறேன். மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை பேஸ்பால்) விதியில் பிட்சர் தன் எந்தக் கையிலும், விரலிலும், மணிக்கட்டிலும் எதையும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. டேப், பேண்ட் எய்ட், பசை, கைக்காப்பு எதுவும். சட்டைக்குள் தோளில் இருப்பதை அந்த விதி தொடாது. ஆனால் பட்டையின் வாலை முழங்கை தாண்டி மணிக்கட்டு வரை இழுத்துவிடாதீர்கள், அம்பயர் வந்து கழற்றச் சொல்வார். பேரன் லீக்கில் ஒரு பையனுக்கு நடந்தது, நடு மைதானத்தில் எண்ணெய்க்கு எங்கே போவது? பாவம்.

தோள்கொடுப்பவள்

தாத்தா, நல்லெண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. தேய்த்துவிடுகிறவருடைய கைக்கே பாதிக் குணம் உண்டு. ஒன்றே ஒன்று, எண்ணெய் தேய்த்த அன்றைக்கு டேப் ஒட்டாது.

யோகோஹாமா மச்சான்

டேப் என்றதும் ஜப்பானிலிருந்து நான் வராமல் எப்படி? இந்த இழுபடும் டேப்பே இந்த ஊர்ச் சரக்கு. கென்ஸோ காசே என்ற கைரோபிராக்டர் 1970களில் உருவாக்கியது. வெளியுலகத்துக்குத் தெரிந்தது 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், பீச் வாலிபால் ஆடிய கெரி வால்ஷ் வலது தோளில் சிலந்தி மாதிரி கறுப்பு டேப்போடு நின்றார், உலகமே அது என்ன என்று கேட்டது. அவருக்கு அதற்கு முன்பு அந்தத் தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, டேப்பைத்தான் பேசினார்கள். அவர் தங்கம் வாங்கினார், டேப் உலகம் முழுக்க விற்றது.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கே கோஷியன் என்று ஹைஸ்கூல் போட்டித் தொடர் நடக்கும், கோடையில், ஆகஸ்ட் வெயிலில், நாடே டிவி முன் உட்காரும். 1998ல் யோகோஹாமா ஹைஸ்கூல் பையன் மட்சுசாகா, 17 வயது, காலிறுதியில் 17 இன்னிங்ஸும் ஒரே ஆளாகப் போட்டான், 250 பந்து. மறுநாளே அரையிறுதி. அவன் வலது கையில் டேப் சுற்றிக்கொண்டு பின்களத்தில் நின்றான், பிட்ச் போடவில்லை. அணி 6 ரன் பின்னால் கிடக்கிறது. எட்டாவது இன்னிங்ஸில் கொஞ்சம் எழுந்ததும் இவன் அந்த டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு வார்ம் அப் செய்யப் போனான், அரங்கமே அலறியதாம். ஒன்பதாவது இன்னிங்ஸ் போட்டான், 7க்கு 6 என்று ஜெயித்தார்கள். அடுத்த நாள் இறுதிப் போட்டியில் ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. என் ஆபீஸில் ஐம்பது வயது ஆள்கள் இன்னும் இதைச் சொல்லிக் கண் கலங்குகிறார்கள்.

கவனித்தீர்களா, பிட்ச் போடாதபோது டேப் இருந்தது, போடப் போகும்போது அதைக் கழற்றினான்!

அப்புறம் அவர் மேஜர் லீக்கில் ஆட பாஸ்டனுக்குப் போனார், 2011ல் முழங்கை அறுவை சிகிச்சை, 2015ல் தோளில் அறுவை சிகிச்சை. அந்த 250 பந்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், இடையில் ஆயிரக்கணக்கில் எறிந்திருக்கிறார். ஆனால் இந்த ஊர் மெதுவாகத்தான் திருந்தியது. 2018 கோடையில் யோஷிடா என்ற பையன் ஒரே தொடரில் 881 பந்து போட்டான். 2020லிருந்துதான் ஒரு பிட்சருக்கு வாரம் 500 பந்துக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. 500! அதுவே கட்டுப்பாடாம்.

எடிசன்வாசி

மச்சான், என் பையனிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன், அவனும் பிய்த்து எறியக் கிளம்பிவிடுவான்.

வலதுகைக்காரன்

மேடம், படித்தேன், இரண்டு தடவை. ஒன்று கேட்கிறேன். பொய் டேப்பிலும் குணம் தெரிந்தால்தான் என்ன? கை லேசாக இருக்கிறது என்று நம்பிப் போடுகிறவன் இறுக்கமில்லாமல் போடுவான், இறுக்கமில்லாமல் போட்டால் அசதி குறையும். நம்பிக்கை உடம்பில் வேலை செய்யாதா?

தோள்கொடுப்பவள்

செய்யும். நம்பிக்கையை நான் கேவலமாகப் பேசவில்லை, என் பிழைப்பில் கால்வாசி அதுதான். வளர்ந்த ஆள், எலும்பு முதிர்ந்தவர், தன் கையைத் தானே அறிந்தவர் ஒட்டிக்கொண்டால் நான் தடுக்க மாட்டேன். 13 வயதுப் பையன் விஷயம் வேறு. அவனிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அந்த அசதிதான்.

பர்மிங்ஹாம், அலபாமாவில் இருக்கும் விளையாட்டு மருத்துவ நிறுவனத்தார் 2006ல் ஒன்று வெளியிட்டார்கள். தோள் அல்லது முழங்கை அறுவை சிகிச்சைக்கு வந்த 95 இளம் பிட்சர்களையும் காயமே இல்லாத 45 பேரையும் ஒப்பிட்டார்கள். கை அசந்த பிறகும் அடிக்கடி போட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை மேசைக்கு வரும் வாய்ப்பு 36 மடங்கு. வருடத்தில் 8 மாதத்துக்கு மேல் போட்டவர்களுக்கு 5 மடங்கு, ஆட்டத்துக்குச் சராசரி 80 பந்துக்கு மேல் போட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 4 மடங்கு. 36ஐயும் 4ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பந்து எண்ணிக்கையை விட அசதியை மதிக்காததுதான் பெரிய குற்றவாளி. அப்படிப்பட்ட அசதியை ஒரு டேப் அமுக்கி வைத்தால்?

வலதுகைக்காரன்

சரி. ஒன்று ஒத்துக்கொள்கிறேன், இதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஹைஸ்கூல் மூன்றாம் வருடக் கோடையில் நான் தோளில் மூன்று பட்டை ஒட்டிக்கொண்டு ஒரு தொடரில் இரண்டு நாளில் 140 பந்து போட்டேன். அன்று ஒன்றும் தெரியவில்லை, டேப்தான் காப்பாற்றியது என்று எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த வாரம் தலை வாரக் கை எழவில்லை. அந்தக் கோடை முழுக்க உட்கார்ந்திருந்தேன். அப்போது கூட டேப் சரியாக ஒட்டவில்லை போல என்றுதான் நினைத்தேன், 140ஐ நினைக்கவில்லை.

இன்னமும் நான் டேப் ஒட்டுவேன். ஆனால் எடிசன்வாசி அங்கிள், மைதானம் மாறியதை மேடம் கேட்டார்களே, அது சின்ன விஷயம் இல்லை. லிட்டில் லீக்கில் 46 அடியிலிருந்து போடுவான், பெரிய மைதானத்தில் 60 அடி 6 அங்குலம். பதினாலரை அடி ஒரே சீசனில் கூடுகிறது. எனக்கு அந்த வருடம் பந்து பேட்ஸ்மேன் நிற்கும் பிளேட்டுக்கே போய்ச் சேராது, எட்டி எட்டித் தோளாலேயே தள்ளுவேன். கால், இடுப்பு, முதுகு என்று வர வேண்டிய வேகத்தைத் தோள் தனியாகச் சுமக்கும். உங்கள் பையனுக்கும் அதுதான் என்று அடித்துச் சொல்கிறேன்.

தோள்கொடுப்பவள்

அடித்துச் சொல்லாதே தம்பி, நேரில் பார்க்காமல் நானே சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல ஊகம். நீ எழுதியதற்கும் நன்றி.

எடிசன்வாசி சார், உங்கள் 138க்கு வருகிறேன். மேஜர் லீக்கும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து 2014ல் "பிட்ச் ஸ்மார்ட்" என்று வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். 13, 14 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95. உங்கள் பையன் எந்த நாளும் அதைத் தொடவில்லை, அதனால்தான் இரண்டு கோச்சுக்கும் உறுத்தவில்லை. ஓய்வுக் கணக்கைப் பாருங்கள். 14 வயது வரை 36லிருந்து 50 பந்துக்கு 2 நாள் ஓய்வு, 51லிருந்து 65க்கு 3 நாள், 66 போனால் 4 நாள். சனிக்கிழமை 52 போட்டவன் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் மேட்டில், பிட்சர் நின்று எறியும் இடத்தில், ஏறவே கூடாது. ஞாயிறு 38 போட்டிருக்கிறான், அதற்கே இரண்டு நாள் ஓய்வு பாக்கி, ஊர் லீக்கில் செவ்வாய்க்கிழமை மறுபடி ஏறுகிறான். வார்ம் அப் பந்தெல்லாம் இந்த 138ல் சேராது. நடுவில் கேட்சர். கேட்சர் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான் சார், அதை யாரும் எண்ணுவதே இல்லை. லிட்டில் லீக்கில் 41 பந்தோ அதற்கு மேலோ போட்டவன் அன்றைக்குக் கேட்சராக நிற்கக் கூடாது என்று தனி விதியே வைத்திருக்கிறார்கள்.

அவன் தோள் அசந்தால் அது கெட்டுப்போன தோள் இல்லை, ஒழுங்காக வேலை செய்கிற தோள்.

எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், இரண்டு தோளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் பார்த்தால் தட்டு விரிந்திருக்கிறதா என்று தெரியாது. அதுவரை எறிய வேண்டாம்.

சனிக்கிழமை அம்மா

எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒன்றும் வாதாட வரவில்லை, என் பெரியவன் கணக்கையும் எழுதிப் பார்க்கப் போகிறேன். ஆனால் மேடம், அவன் டேப் இல்லாமல் மேட்டில் ஏற மாட்டேன் என்பான், பழகிவிட்டது. எப்படி ஒட்டினால் கெடுதல் இல்லை, அதையாவது சொல்லுங்கள். அந்த முன்னால் பின்னால் சண்டைக்கும் ஒரு முடிவு சொல்லுங்கள்.

தோள்கொடுப்பவள்

சரிங்க, அதையும் சொல்கிறேன். திசைச் சண்டை வெறும் சண்டைதான். தசை தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடத்துக்கு ஒட்டினால் தூண்டும், எதிர்த்திசையில் ஒட்டினால் தளர்த்தும் என்று பாடம் சொல்வார்கள், சோதித்தவர்களுக்கு அப்படி ஒன்றும் பெரிதாக அகப்படவில்லை. நான் ஒட்டுவது ஒரே ஒரு பட்டை. பையனை நெஞ்சு நிமிர்த்தி, தோள்பட்டை எலும்பைக் கீழேயும் பின்னேயும் மெதுவாக இறக்கி நிற்கச் சொல்வேன். தோளின் முன்பக்கத்தில் தொடங்கி, தோளுக்கு மேலே போய், முதுகில் நடுத்தண்டை நோக்கிச் சாய்வாகக் கீழே இறங்கும். இரண்டு முனையிலும் இரண்டு அங்குலம் இழுக்கவே கூடாது, அங்கே இழுத்தால்தான் தோல் கொப்பளிக்கும். நடுவில் லேசான இழுப்பு, காகிதத்திலிருந்து உரிக்கும்போது இருக்கிற அளவை விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அப்புறம் உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், அந்தப் பசை சூட்டில்தான் பிடிக்கும். அரிப்பு, சிவப்பு வந்தால் உடனே கழற்றுங்கள். முதல் தடவை என்றால் முந்தின நாளே ஒரு சின்னத் துண்டை ஒட்டிப் பாருங்கள்.

பழுப்பு நிறத்தில் விறைப்பான டேப் ஒன்று இருக்கிறது, அடியில் வெள்ளையாக மெல்லிய டேப் வைத்து அதன்மேல் இறுக்கி ஒட்டுவார்கள். அதை வீட்டில் தொடாதீர்கள். பிட்சரின் கை எறிவதற்கு முன் பின்னால் வளைந்து போகிற கோணம் 170 டிகிரிக்கும் மேலே போகும், அந்த அசைவை விறைப்பு டேப்பால் தடுத்தால் பளு வேறெங்காவது போய் இறங்கும், முழங்கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிபந்தனை. டேப் ஒட்டிய நாளில் எண்ணிக்கை பத்துப் பந்து குறைய வேண்டும், கூடக் கூடாது. இது ஆராய்ச்சி இல்லை, என் வீட்டுச் சட்டம்.

ஃப்ரிஸ்கோ தாத்தா

அந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. பேரன் வீட்டு டேப் பெட்டியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், "எல்லாக் காயங்களுக்கும் மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்படவில்லை" என்று எறும்பு எழுத்தில் அவர்களே போட்டிருக்கிறார்கள்.

எடிசன்வாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். போன வாரம்தான் மருத்துவரைப் பார்க்க முடிந்தது. இரண்டு தோளும் எக்ஸ்ரே எடுத்தார்கள். வளர்ச்சித் தட்டு விரியவில்லை, பிழைத்தோம். ஆனால் வலது தோளின் பின்பக்கத் தசை நன்றாக இளைத்திருக்கிறது, கையை உள்பக்கம் திருப்புவது இடதை விடக் குறைவாக இருக்கிறது என்றார்கள். ஆறு வாரம் பிசியோ, அதில் முதல் நான்கு வாரம் எறியவே கூடாது.

பயிற்சி எல்லாம் பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்து இரண்டு பவுண்டு எடையை மேலே திருப்புவது, குப்புறப் படுத்துக் கையை ஒய் வடிவில் தூக்குவது, கதவில் ரப்பர் பட்டை கட்டிப் பின்னால் இழுப்பது. பத்துத் தடவையில் முகம் சிவந்துவிடுகிறான். 65 மைல் வேகத்தில் பந்து போடுகிறவனால் இரண்டு பவுண்டைத் தூக்க முடியவில்லை, அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

டிராவல் கோச்சிடம் பேசினேன். கொஞ்சம் முகம் சுளித்தார், அப்புறம் ஊர் லீக் எண்ணிக்கையையும் தனக்கு அனுப்பச் சொன்னார். இப்போது இரண்டு கோச்சும் நானும் ஒரே குழுவில் இருக்கிறோம், மேட்ச் முடிந்ததும் எண் போய்விடும். பையன் டக் அவுட்டில், அணி உட்காரும் இடத்தில், உட்கார்ந்து மற்ற பிட்சர்களுக்குக் கிளிக்கரில் எண்ணுகிறான். முந்தாநாள் இன்னொரு பையன் 60 தாண்டியதும் இவன் எழுந்து போய்க் கோச்சிடம் சொன்னானாம். அந்தப் பையன் இவனோடு பேசுவதில்லை இப்போது.

நீல டேப் பிரிக்காமல் இருக்கிறது. சனிக்கிழமை அம்மா, வேண்டுமென்றால் அனுப்பிவிடுகிறேன்.

சனிக்கிழமை அம்மா

வேண்டாங்க, இங்கே அலமாரியில் நான்கு ரோல் கிடக்கிறது. அந்தக் கிளிக்கர் எங்கே வாங்கினீர்கள்?

எடிசன்வாசி

விளையாட்டுச் சாமான் கடையில்தான், அம்பயர் பொருள்கள் தொங்குகிற பக்கம் பாருங்கள். சத்தம் வராததாகப் பார்த்து வாங்குங்கள், எங்களுடையது டக் டக்கென்று காதைத் துளைக்கிறது.